நான் அழித்துக்கொண்டிருந்த குரல்

யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அந்தச் சனிக்கிழமையோடு பதினொரு நாள் ஆகியிருந்தது. விளையாட்டாகத்தான் எண்ண ஆரம்பித்தேன். சாப்பாடு கொண்டுவருகிறவர் ‘மேடம்’ என்றார். வாட்ச்மேன் ‘மூணாவது மாடி’ என்றார். சபையில் எல்லாருக்கும் நான் சிஸ்டர். நாலாம் நாள் விளையாட்டு நின்றுபோனது. ஏழாம் நாள் கண்ணாடி முன்னால் நின்று ‘பியூலா’ என்று நானே சொல்லிப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிரியமானவர்களே. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லும் இந்தச் சாட்சியில் புற்றுநோய் இல்லை, விபத்து இல்லை. தனிமை மட்டும்தான். இதையெல்லாம் சாட்சி என்று சொல்லலாமா என்று வெகுநாள் தயங்கினேன். தனிமையும் ஆளைத் தின்கிற நோய்தான், அதில் கிடந்தவர்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை என் மேசைமேல் ஓர் ஒப்பந்தம் கிடந்தது. கம்பெனிகளுக்குப் போன் போட்டால் ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று ஒரு பெண் பேசுவாளே, அப்படிப் பேசுகிற நிரந்தர வேலை. திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து வருடத்துக்கு என் குரல் வேறெங்கும் வெளியே கேட்கக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை இருந்தது. பாட்டை விட்டுவிட வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். விட்டுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது மண்ணூர்பேட்டையில். அப்பாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் பேச்சில் எஸ்டேட்டில், லேத் பட்டறை வேலை. எஸ்டேட் என்றதும் தேயிலையை நினைத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் எஸ்டேட்டில் இரும்புதான் விளையும். ஒருநாள் முதலாளி மகன் தூக்கிப்போட்ட பழைய சிடிகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டால் புறா வராது என்பது அம்மாவின் திட்டம். அதில் ஒன்றை நானும் அக்கா கிரேஸும் திருட்டுத்தனமாகப் போட்டுக் கேட்டோம். அதற்குப் பிறகு புறா வந்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

அதுதான் ரிதம் அண்ட் ப்ளூஸ். ஆர் அண்ட் பி என்பார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தங்கள் துக்கத்தையும் சபையில் பாடிப் பழகிய பாட்டையும் கலந்து வளர்த்த இசை. ஒரே எழுத்தை ஏழெட்டுப் படி இறக்கி ஏற்றிப் பாடுவார்கள். முன்னால் ஒருத்தி ஒரு வரி பாடி நிறுத்துவாள், பின்னால் இருப்பவர்கள் அவளுக்குப் பதில் சொல்லுவார்கள். எங்கள் வீட்டில் முன்னால் நான், பின்னால் கிரேஸ். எனக்குக் கீழே அவள் குரல் வந்து தாங்கும்போது விழுந்துவிடுவேனோ என்கிற பயமே எனக்கு இருந்ததில்லை.

சபையில் எங்கள் பாட்டுக்குப் பாதி வரவேற்பு, பாதி முகச்சுளிப்பு. “ஏம்மா, ஆமென்னு ஒரு வார்த்த சொல்ல ஆவடி வரைக்கும் போயிட்டு வரணுமா?” என்று ஒரு மூப்பர் கேட்டார். நாங்கள் சிரித்தோம். பிறகு குமணன்சாவடி கல்யாண மண்டபங்களில் ரிசப்ஷன் கச்சேரி கிடைத்தது. விளம்பரங்களுக்கு டிராக் பாடினேன். டிராக் என்றால் பெரிய பாடகர் வந்து பாடும்வரை இடம் பிடித்து வைக்கிற குரல். அவர் வந்ததும் நம் குரலை எடுத்துவிடுவார்கள். ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்தத் துண்டு நான்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அத்தான் வீட்டாருக்கு இந்தப் பாட்டெல்லாம் உலகப்பிரகாரமானது, விசுவாசிகளுக்கு ஆகாதது. நான் நகரத்தில் ஒரு காபிக் கடையில் வாராவாரம் பாட ஒத்துக்கொண்டபோது கிரேஸ் போன் செய்தாள். “நீ அந்தப் பாட்ட விடு. இல்லாட்டி என்ன விட்டுடு.” கோபத்தில் நான் வைத்த போன்தான் எங்கள் கடைசிப் பேச்சு. ஒரு வருடத்துக்குள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். இரண்டு அடக்கத்திலும் நாங்கள் எதிரெதிர் பக்கம் நின்றோம்.

நூம்பலில் ஒரு பிளாட்டுக்குக் குடிவந்தேன். கூடப் பாடிய இரண்டு பெண்களில் ஒருத்தி ஐடி வேலைக்குப் போய்விட்டாள், இன்னொருத்தி கோயம்புத்தூருக்கு மருமகளாகப் போய்விட்டாள். அதனால் எல்லாக் குரலையும் நானே பாட ஆரம்பித்தேன். துணி பீரோவைத் திறந்துவைத்து, எதிரொலி வராமல் இருக்கப் புடவைகளைப் பார்த்தபடி பாடுவேன். முதலில் பியூலா, அதன்மேல் இரண்டாவது பியூலா, அப்புறம் மூன்று. கேட்டால் ஒரு கூட்டமே பாடுவது போல இருக்கும். ஹெட்போனைக் கழற்றினால் வீட்டில் நான் ஒருத்தி. அந்த நிமிஷத்தைப் போலக் கொடியது வேறு இல்லை. என் கேள்விக்கு நானே எத்தனை நாள் பதில் சொல்லிக்கொண்டிருப்பது?

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து தொடங்கிய முதல் ஞாயிறு, சபையின் ஜெபக் குறிப்புப் பெட்டியில் ஒரு சீட்டு போட்டேன். ‘கூடப் பாட ஒரு குரல் வேண்டும்’ என்று எழுதியிருந்தேன். பாஸ்டர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் மூன்று அம்மாக்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “பையன் பூந்தமல்லியில சொந்த ஊடு, நல்லாவே பாடுவான்” என்றார் ஒருவர். நான் கல்யாணத்துக்குக் கேட்கவில்லை என்று விளக்கினேன். “பின்ன வேற எதுக்குக் கூட ஒரு ஆளு?” என்று அவர் நிஜமாகவே குழம்பிப்போனார்.

அப்புறம் சபையில் சொல்லவில்லை. வீட்டில் முழங்கால் போட்டுத் தினமும் கேட்டேன். ஒரே ஒரு குரல் ஆண்டவரே, எனக்குக் கீழே வந்து தாங்க ஒன்று. பதில் வரவில்லை.

வந்தது வேறொரு தொல்லை. பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் போய்த் தெரு அடங்கிய பிறகு பதினொரு மணிக்குத்தான், பதில் குரலுக்கு இடம் விட்டு, நான் பதிவு செய்வேன். அந்த நேரம் பார்த்து பீரோ பக்கத்து வென்டிலேட்டர் வழியே ஏதாவது சத்தம் வரும். அதற்கு வெளியே டக்ட், குழாய்கள் இறங்குகிற இடுக்கு. கீழ் வீடுகளின் சமையலறை ஜன்னல்களும் அதில்தான் திறக்கும். பாத்திரச் சத்தம், குக்கர் விசில், அடியில் மோட்டார் மாதிரி ஓர் இரைச்சல். ஹெட்போனில் என் குரலை மட்டும் கேட்டுப் பாடுகிற எனக்குப் பிறகு போட்டுப் பார்க்கும்போதுதான் அது தெரியும். சத்தம் நீக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. அதை வைத்து நாள் தவறாமல் சுத்தம் செய்தேன். எரிச்சல் தாங்காமல், லெந்து முடிகிற வாரத்தில் ஒருநாள் அப்பார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் எழுதினேன்: ‘காலை பதினொரு மணிக்கு டக்ட் பக்கம் சத்தம் போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்தவும். ஒருவருடைய பிழைப்பு கெடுகிறது.’ மறுநாளே நின்றுபோனது. அவ்வளவு நிசப்தம். எனக்குத் திருப்தியாக இருந்தது என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஈஸ்டர் வந்தது, போனது. பிறகுதான் அந்தச் சனிக்கிழமை. காலையில் ஜெபிக்கக்கூட மனமில்லை. “கேட்டேன், நீர் தரவில்லை. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன்” என்று மட்டும் சொன்னேன். விட்டுப்போவதற்கு முன் ஒரு பாட்டையாவது எனக்கென்று முடித்து வைத்துக்கொள்ளலாம் என்று லெந்து நாட்களில் பாடிய ஒரு பதிவைத் திறந்தேன். சுத்தம் செய்யாத பழைய பதிவுகள் எல்லாம் அப்படியே கிடந்தன. அழிக்கச் சோம்பேறித்தனம், வேறு காரணம் இல்லை. அந்தச் சோம்பேறித்தனத்துக்கும் ஸ்தோத்திரம்.

அந்த மென்பொருளில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதைத் தொட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். பாட்டை எடுத்துவிட்டு, குப்பை என்று ஒதுக்கியதை மட்டும் கேட்கக் கொடுக்கும். அன்று கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் கை தவறி அதில் பட்டுவிட்டது.

மின்விசிறி கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது. ஒரு தட்டு மோதியது. அதற்கெல்லாம் நடுவில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

வார்த்தை இல்லை, வெறும் ‘ம்ம்’. தடித்த, கரகரத்த குரல். என் பாட்டுக்குச் சரியாக மூன்று படி கீழே. நான் ஏறும்போது அது ஏறவில்லை, அங்கேயே நின்று எனக்காகக் காத்திருந்தது. நான் வரி முடித்து நிறுத்துகிற இடத்தில் அது மெதுவாக உள்ளே வந்து பதில் சொன்னது.

அடுத்த பதிவைத் திறந்தேன், அதிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும். லெந்து நாட்கள் முழுக்க, நான் முழங்காலில் நின்று எதைக் கேட்டேனோ அது தினமும் பதினொரு மணிக்கு வந்திருக்கிறது. நான் எழுந்துபோய் அதை அழித்திருக்கிறேன். மோட்டார் என்று நினைத்தது அந்தக் குரலைத்தான். கடைசியில் வாட்ஸாப்பில் எழுதி அதன் வாயையும் அடைத்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு கீழே போனேன்.

எனக்கு நேர் கீழே, இரண்டாவது மாடியில், கதவைத் திறந்தவருக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். தேசம்மா என்று பெயர். அந்த பிளாட் நிற்கிற நிலமே அவர் வீட்டுக்காரரின் குடும்பத்துடையது, அதற்குப் பதிலாகக் கிடைத்ததுதான் அந்த வீடு என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். வீட்டுக்காரர் இறந்துவிட்டார், மகன் ஓசூரில். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது.

“இன்னாம்மா, இன்னும் சத்தம் வருதா? நான் அப்பவே நிறுத்திட்டேனே.”

“நீங்கதானாக்கா பாடினது?”

“பாட்டா அது? பாத்திரம் கழுவிக்கினே சும்மா முணுமுணுத்துக்கினு இருந்தேன். தப்பா எடுத்துக்காத. முட்டி போனதும் கம்பெனிய உட்டு நின்னுட்டேன். ஊட்ல தனியா குந்திக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும் போல கீது.”

எங்கே பாடக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“அம்பத்தூர் எஸ்டேட்ல தையல் கம்பெனிம்மா. இருவத்திரெண்டு வருசம். மிசினு ‘ம்ம்’னு ஓடிக்கினே இருக்கும். அதுக்கு மேல பாடுனா சூப்பர்வைசருக்கு கேட்டுடும், திட்டுவான். அடியில பாடுனா அவனுக்கு கேக்காது. லைன்ல நாங்க எல்லாமே அடியிலதான் பாடுவோம். அதே பழகிப்போச்சி.”

அவரே தொடர்ந்தார்.

“நீ நடுவுல நடுவுல நிறுத்துறியே, அது யாருக்கு உட்ட எடம்? ரெண்டு நாளு பாத்தேன். யாரும் வரல. செரின்னு நானே பூந்துட்டேன்.”

அவர் வாசலிலேயே நின்று அழுதேன். அவர் என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். “உம்பேரு இன்னா? வாட்ஸாப்புல வெறும் நம்பருதான் கீது.”

“பியூலா.”

“பியூலா” என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “நல்லா கீது. அழுவாத பியூலா.”

திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடவில்லை. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு பீரோ முன்னால் இரண்டு பேர் நின்றோம். தேசம்மா அக்காவுக்கு மைக்கைப் பார்த்தால் குரல் எழும்பவில்லை. கையில் ஒரு சொம்பும் தேய்க்கிற நாரும் கொடுத்த பிறகுதான் பாட்டு வந்தது. அந்த நார் சத்தத்தை நான் நீக்கவில்லை. இதுவரை நான்கு பாட்டு முடித்திருக்கிறோம். உலகம் ஒன்றும் திரும்பிப் பார்த்துவிடவில்லை. சிலர் கேட்கிறார்கள், அது போதும். செலவுக்கு ‘ஒன்றை அழுத்தவும்’ என்று இன்றும் சில இடங்களுக்குப் பேசித் தருகிறேன், நிபந்தனை இல்லாமல்.

சபையில் ஒரு ஞாயிறு இரண்டு பேரும் பாடினோம். “அந்த அம்மா எப்ப நம்ம வழிக்கு வருவாங்க?” என்று சிலர் கேட்டார்கள். தேசம்மா அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். நான் ஒரு குரல் கேட்டேன், ஆண்டவர் அனுப்பினார். அவரிடம் கேள்வி கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். முதல் பாட்டைக் கிரேஸுக்கு அனுப்பினேன். கேட்டிருக்கிறாள், பதில் இல்லை. அடுத்த பாட்டில் அவளுக்கென்று இரண்டு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன். தேசம்மா அக்கா அதில் புகுந்துவிடாமல் இருக்க நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாட வேண்டியிருக்கிறது.

கேட்டது வரவில்லை என்று மனம் கசந்திருக்கிறவர்களே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஒரு வாரம் ஜெபத்தை விடாதீர்கள். அந்த ஒரு வாரம், தொல்லை என்று நீங்கள் தினமும் ஒதுக்குகிறதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். அவர் என்னைப் போன்ற அவசரக்காரிக்கே நாற்பது நாள் சலிக்காமல் பதில் சொன்னவர். உங்களுக்கும் சொல்லாமல் இருக்கமாட்டார்.

இன்னும் எழுதலாம். மணி பதினொன்று ஆகிவிட்டது, டக்ட் வழியே கூப்பிடுகிறார்கள்.

“அடியே பியூலா! எவ்ளோ நேரம் நான் ஒருத்தியே பாடிக்கினு இருக்கறது? வா!”