போலீஸ்காரருக்குச் சேரவேண்டிய பாக்கி

வெள்ளறடை செல்லசாமியைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் இருந்தால், அவர் ஆயுசில் பஸ் ஏறாதவராகத்தான் இருக்கவேண்டும். வெள்ளறடைக்கும் பாறசாலைக்கும் நடுவே அரசு பஸ்ஸில் கண்டக்டராக நின்று நின்றே நரைத்த மனிதர். பென்ஷன் வாங்கியும் வாய் ஓயவில்லை. நாலு பேர் கூடி நின்றால் போதும், "உள்ள கேறி நில்லுங்க, உள்ள எடம் கெடக்கு" என்று தானாக வந்துவிடும். கோயிலில் சொன்னார், போகட்டும். சாவு வீட்டிலும் சொன்னார். அன்றைக்குப் பெண்டாட்டி விஜயம்மா கிள்ளிய கிள்ளில் பாவம், கை கன்றிப்போய்க் கிடந்தது.

மூத்த மகள் பிரசீதாவும் மருமகன் அனிலும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். எந்த நாடு என்று என்னிடம் கேட்காதீர்கள். அனிலுக்கு அங்கேதான் சோறு. பேரைச் சொல்லி அவன் வயிற்றில் அடிக்க எனக்கு மனசில்லை. அங்கே போய்ப் பேரப்பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் செல்லசாமியும் விஜயம்மாவும் ஊர் திரும்புகிற நாளில்தான் இந்தக் கூத்து நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை இளையவள் சுமிக்குக் கல்யாண நிச்சயம். மாப்பிள்ளை வீடு பாலராமபுரம். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போட்டாயிற்று. "இனியும் மாத்தினா நாங்க வேற எடம் பாக்கோம்" என்று அவர்கள் வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகச் சொல்லியிருந்தார்கள். அன்றைய விமானத்தை விட்டால் அடுத்தது திங்கட்கிழமை. பிரசீதாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. அதனால் அனில்தான் தன் கடைக்குச் சரக்கு ஏற்றும் வெள்ளை வேனில் இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

பாதி வழியில் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். லைட்டைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், ஒரு குறையும் அகப்படவில்லை. பிறகு பெட்டிகளைப் பார்த்தார். ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்கள்! மனுஷனின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. செல்லசாமியின் பாஸ்போர்ட்டை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டி, தன் சட்டைப் பையில் போட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டார்.

"பிராப்ளம்," என்றார். என்ன பிராப்ளம் என்று கடைசிவரை சொல்லவில்லை.

"இது எப்பவும் உள்ளதாக்கும் மாமா. நான் வாரந்தோறும் இவருக்குக் குடுக்கேன்," என்று அனில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "ஏர்போர்ட் கேசுன்னா ரேட்டு கூடும். அவ்வளவு இப்ப கையில இல்ல."

கேட்ட தொகைக்குச் சுமியின் நிச்சயத்துக்குப் பந்தலும் போட்டுச் சத்யை விருந்தும் விளம்பிவிடலாம். செல்லசாமி வாட்சைப் பார்த்தார். அப்பன் இல்லாமல் நிச்சயமா? பிள்ளை ஊர் முகத்தில் எப்படி விழிப்பாள்?

காசு இல்லை என்றதும் போலீஸ்காரர், "அப்படியானால் ஸ்டேஷன்," என்று கதவைத் திறந்து வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஸ்டேஷன் போகிற வழியில்தான் இருக்கிறது. அதற்குள் பயந்து எதையாவது கழற்றுவார்கள் என்பது அவர் கணக்கு.

செல்லசாமிக்குப் பயம் வந்தால் கை சும்மா இருக்காது. அந்த நேரம் பார்த்துச் சாலையோரத்தில் ஒரு கூட்டம் கை காட்டியது. அந்த ஊரில் ஷேர் வேனெல்லாம் வெள்ளைதான்.

"நிறுத்து மக்கா!"

"ஐயோ மாமா, இது நம்ம கடை வண்டியாக்கும்!"

"கை காட்டினா நிறுத்தணும். நிறுத்து!"

அனிலின் கால் அவனைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது. செல்லசாமி குதித்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, "உள்ள கேறி நில்லு, உள்ள கேறி நில்லு!" என்று ஆரம்பித்துவிட்டார். பாஷை தெரியாதென்றால் என்ன? கண்டக்டர் கையைச் சுழற்றினால் எந்த நாட்டுக்காரனும் உள்ளே நகரத்தான் செய்வான். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தைக்குப் போகிற ஒரு பெண் ரெண்டு கோழியோடு ஏறினாள். ஒரு கிழவர் ஆட்டோடு ஏறினார். மாவு மூட்டைகள் ஏறின. போலீஸ்காரர் பின் சீட்டின் மூலைக்குத் தள்ளப்பட்டார். ஆடு அவர் மடியில் தலையை வைத்து அசைபோட்டது.

"இந்த மனுஷனுக்குத் தலைக்கு வட்டாக்கும்," என்று விஜயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம பாஸ்போர்ட் அவன் பையில கெடக்கு, இவரு சவாரி கேத்துதாரு!"

செல்லசாமி நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு வரிசையாக வசூலித்தார். வேண்டாம் வேண்டாம் என்று அனில் கெஞ்சினான், யார் கேட்டார்கள்? கடைசியில் கை போலீஸ்காரரின் மூக்குக்கு நேரே போய் நின்றது. கோழிக்காரி என்னவோ சொன்னாள். எல்லாரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். போலீஸ்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. காசில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று ரோஷம் பொத்துக்கொண்டு வர, உள்ளதில் பெரிய நோட்டாக ஒன்றை உருவி நீட்டினார்.

செல்லசாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மடித்துக்கொண்டார். "சில்லறை இல்ல. எறங்கும்போ தாறேன்," என்று கையாலேயே விளங்கவைத்தார்.

இந்த ஒரு வார்த்தையை நம்பி, நடுவழியில் இறங்கவேண்டியவர்கள் எத்தனை பேர் சில்லறைக்காகப் பாறசாலை வரைக்கும் போயிருக்கிறார்கள்!

ஸ்டேஷன் வந்தது. போலீஸ்காரர் எழுந்தார். சில்லறை இன்னும் சேரவில்லை என்று செல்லசாமி கையை விரித்தார். போலீஸ்காரர் ஸ்டேஷனைப் பார்த்தார், செல்லசாமியின் விரலிடுக்கில் இருந்த தன் நோட்டைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்துகொண்டார். பிறகு வழியில் ரெண்டு இடத்தில் வேறு போலீஸ்காரர்கள் கை காட்ட வந்தார்கள். உள்ளே தங்கள் ஆள் ஆட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சலாம் வைத்து அனுப்பிவிட்டார்கள். வண்டி பறந்தது.

ஏர்போர்ட் வாசலில் போலீஸ்காரர் முதல் ஆளாகக் குதித்தார். "என் பாக்கி!"

கொடுத்துவிட்டு நடையைக் கட்டவேண்டியதுதானே? செல்லசாமி வசூலில் சேர்ந்த சில்லறையை எண்ணி இடது கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினார்.

"பாஸ்போர்ட்."

போலீஸ்காரர் முறைத்தார். வேனில் இருந்தவர்கள் ஒருவர்கூட இறங்காமல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோழிக்காரி மறுபடியும் என்னவோ சொன்னாள். இந்தத் தடவை சிரிப்பு ஏர்போர்ட் வாசல் முழுக்கக் கேட்டது. பட்டன் கழன்றது. பாஸ்போர்ட் ஒரு கையில் வந்தது, பாக்கி மறு கையில் போனது. அவர் ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது.

"ஓடுங்க!" என்று விஜயம்மா பெட்டியைத் தள்ளினாள்.

கண்ணாடிக் கதவுக்குள் போன பிறகு செல்லசாமி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். போலீஸ்காரரின் பைக் அங்கே பாதி வழியிலல்லவா நிற்கிறது? திரும்பிப் போக அவர் அனிலின் வேனிலேயே ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அனில் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணவில்லை. அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, மாமாவைப் போலவே டிக்கெட் காசுக்குக் கையை நீட்டியிருந்தான். பிறகு போலீஸ்காரர் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"பிரசீதாவ நல்ல எடத்துலதான் கெட்டிக் குடுத்திருக்கு," என்றார் செல்லசாமி.

"அடுத்தவளையும் கெட்டிக் குடுக்கண்டாமா? வேகம் நடங்க," என்று விஜயம்மா முதுகில் கை வைத்து அவரை உள்ளே தள்ளினாள்.