எண் ஒட்டிய நாற்காலி

பள்ளிகளுக்குச் சாமான் வாங்கும் அரசு அலுவலகத்தில் என் அப்பாவுக்கு வேலை. டெண்டர் நடக்கும் காலத்தில் யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். யார் எதற்கு டெண்டர் போட்டிருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்? மாமா வீட்டு விசேஷங்களுக்கு அம்மா மட்டும் போய், "அவருக்கு வயித்து வலி" என்பாள். வருஷத்தில் பாதி நாள் அப்பாவுக்கு வயிற்று வலிதான்.

மாமாவுக்கு மரப்பட்டறை. பெரிய ஆர்டர் ஒன்று கிடைக்காவிட்டால் மூட வேண்டிய நிலை.

இந்த முறை வாங்க வேண்டியது வகுப்பறை நாற்காலி. செய்தவர் பெயரை மறைத்து, எண் மட்டும் ஒட்டி, மாதிரிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். குழுவினர் உட்கார்ந்தும் ஆட்டியும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். நாற்காலிகளுக்குப் பரீட்சை, பிட் அடிக்க வழியே இல்லை.

அப்பா ஒன்றில் உட்கார்ந்து, முன்னால் இழுக்கக் கையை அடியில் விட்டார். விரல்கள் ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. எங்கள் வீட்டு நாற்காலிகளில் இருக்கும் அதே பள்ளம். தூக்க வசதியாக இருக்கட்டும் என்று மாமா மட்டும்தான் அப்படிச் செதுக்குவார். கூட்டாளி பெயரில் விண்ணப்பித்துவிட்டு வீட்டில் மூச்சு விடவில்லை.

அப்பா எழுந்துவிட்டார். "இது யாரோடதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்குப் பதிலா வேற ஆளப் போடுங்க."

வேறு ஆள் போட்டார்கள். வேறு நாற்காலி ஜெயித்தது.

மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், என் நாற்காலில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல மாப்ள."

"அப்போ நீங்க உக்காந்திருந்தா எனக்குக் கெடைச்சிருக்கும்ல?"

"கெடைச்சிருக்கும். அதான் எந்திரிச்சேன்."

"நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!"

அம்மா இருவரையும் முறைத்தாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல், நாள் முழுக்க மூட்டை சுமந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"டெண்டர் முடிஞ்சிருச்சு. நாளைக்கு உன் பட்டறைக்கு வரேன்."

"வயித்து வலி என்னாச்சு?"

"சரியாப்போச்சு."

மாமா சிரிக்கத்தான் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. "வாங்க. சாமானைக் காலி பண்ண ஆள் வேணும்."

மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டுப் போனார். வேடிக்கை பார்க்கலாம் என்று நானும் போனேன், வேறொன்றும் இல்லை. பலகையைத் தொடும் முன் அப்பா மாமாவிடம் கையை நீட்டினார்.

"முதல்ல ஒரு சொம்பு தண்ணி குடு."

அண்ணாந்து, சட்டையெல்லாம் நனைய, முழுவதையும் குடித்தார்.