ஒதுங்காத கப்பல்

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் வழியில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோர வேப்பமரத்தடியில் ஒரு பெண் வெடிக்கு வெறும் குழாய் சுருட்டிக்கொண்டிருக்கிறார். அச்சகங்களில் கழித்த தாள்கள்தான் குழாயாகின்றன. மேலே கிடக்கும் தாளில் இரண்டு கப்பல்கள். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் இடம் மாறி அச்சாகிவிட்டதால் கழித்திருக்கிறார்கள். கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்கான விதிகள்தான் அதில் இருக்கின்றன. கப்பலில் அதிகாரியாக இருந்த காலத்தில் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"என்ன அண்ணாச்சி, அம்புட்டு உத்துப் பாக்கீக? என்ன போட்டிருக்கு?"

"ரெண்டு கப்பல் குறுக்க வந்தா, தன் வலப்பக்கம் அடுத்த கப்பலப் பாக்குறவன் ஒதுங்கணும். மத்தவன் நேரா போகணும்."

"ஒதுங்க வேண்டியவுக ஒதுங்கலேன்னா?"

கடலில் ஒரு நாள் விடியலில் என் கப்பலுக்கு இடப்பக்கம் வந்தது ஒரு விசைப்படகு. கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்கு நான் வலப்பக்கம்; ஒதுங்க வேண்டியது அதுதான். ஒதுங்கட்டும் என்று நான் நேராகவே போனேன். மோதிய பின், படகில் இருந்த நால்வரில் இருவர் கிடைக்கவேயில்லை. முதல் தவறு படகுடையது என்றுதான் விசாரணையில் எழுதினார்கள்.

"அப்ப நாமதான் ஒதுங்கணும். அதுவும் இதுல போட்டிருக்கு" என்கிறேன்.

"இதப் போயி எழுதி வைக்கணுமாக்கும்? எதுத்தாப்புல ஆளு நிக்கிறது தெரிஞ்சா ஒதுங்கத்தான செய்வாக?"

அவர் அந்தத் தாளை எடுத்துச் சுருட்டுகிறார்.

படகில் ஆள் நின்றது அன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.