நெலிடா எழுதிய நாற்பத்திரண்டு குறைகள்

பொறாமை என்று சொன்னால் நெலிடா லுமாபாஸுக்குக் கோபம் வரும். பாடங்களின் தரத்தில் அக்கறை என்பாள். நாம் பொறாமை என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பது வருடம் அவளோடு ஒரே மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

இருபத்திரண்டு வயதில் பிலிப்பைன்ஸின் போஹோல் தீவிலிருந்து கப்பலேறி செபுவுக்கு வந்தவள் அவள். ஆஸ்திரேலியாக்காரர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்கும் கம்பெனியில் சேர்ந்தாள். ஐந்து வருடம் திட்டு வாங்கினாள். அடுத்த பதின்மூன்று வருடம், திட்டு வாங்குவது எப்படி என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இருபது பேரை வகுப்பில் உட்காரவைத்து, தானே கோபக்கார வாடிக்கையாளராக மாறிக் கத்துவாள். முதல் நாளே இரண்டு பேராவது அழுதுவிடுவார்கள். மூன்றாவது வாரம் அதே பிள்ளைகள் அவளுக்குப் பன்சிட் நூடுல்ஸ் வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பயிற்சித் தலைவர் ஓய்வு பெறப்போகிறார், அந்த நாற்காலி நெலிடாவுக்குத்தான் என்று அவள் மட்டுமல்ல, நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம்.

அப்போதுதான் ஷைரா வந்து சேர்ந்தாள். வயது இருபத்தாறு. வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரிடம்கூடத் திட்டு வாங்கியதில்லை. அவள் கொண்டுவந்தவை கைபேசியில் பார்க்கும் நான்கு நிமிடப் பாடங்கள். பார்த்து முடித்தால் நட்சத்திரம், கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால் பதக்கம், யார் முன்னால், யார் பின்னால் என்று எல்லோருக்கும் காட்ட ஒரு பட்டியல். பிள்ளைகள் ஜீப்னி வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டே பாடம் படித்தார்கள். நெலிடாவின் மூன்று வார வகுப்பு நான்கு நாளாகச் சுருங்கியது.

நெலிடாவுக்கு வயிறு எரிந்தது. ஷைரா கொண்டுவந்து நீட்டும் மாம்பழம் பிடிக்கவில்லை. "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வருவது சுத்தமாகப் பிடிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் மேலாளர் அந்தப் பெண்ணைப் பாராட்டிய அன்று நெலிடாவுக்கு மதியச் சோறு இறங்கவே இல்லை.

ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் பெயர் போடாமல் கருத்து எழுத ஒரு பெட்டி இருந்தது. மற்றவர்கள் பாடத்தை ஓடவிட்டு, ஒலியை நிறுத்திவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே நட்சத்திரம் சேர்ப்பார்கள். நெலிடா மட்டும்தான் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் நான்கு தடவை பார்த்தாள், எங்கே ஓட்டை என்று தேட. கிடைத்ததையெல்லாம் பெட்டியில் கொட்டினாள். பணம் திருப்பித் தரும் விதி போன வருடமே மாறிவிட்டது, இதுகூடத் தெரியாதா? வாடிக்கையாளர் அழும்போது கணக்கு எண்ணைக் கேட்கச் சொல்கிறாயே, நீ மனுஷிதானா? மேலாளர் இதையெல்லாம் படிப்பார், ஷைரா மூட்டை கட்டுவாள் என்று காத்திருந்தாள். ஆனால் மறு வாரமே பாடம் திருத்தப்பட்டு வந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாற்பத்திரண்டாவது குறைதான் பெரியது. கோபமான வாடிக்கையாளரைப் பற்றிய பாடத்தில் நடித்த பெண், திட்டு விழ விழச் சிரித்துக்கொண்டே இருந்தாள். எங்கள் ஆட்கள் அப்படித்தான். பயந்தாலும் சிரிப்போம், வெட்கப்பட்டாலும் சிரிப்போம், என்ன சொல்வதென்று தெரியாவிட்டாலும் சிரிப்போம். தொலைபேசியின் அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது கேலியாகத்தான் கேட்கும். வகுப்பில் நெலிடா சிரிக்காதே என்று மட்டும் சொல்வாள், ஏன் என்று ஒருபோதும் சொன்னதில்லை. அன்றைக்கு ஆத்திரத்தில் எழுதிவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். இறந்துபோன கணவரின் பெயரில் இருந்த மின் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி ஒரு கிழவி அழைத்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் நெலிடா களுக்கென்று சிரித்துவிட்டாள். கிழவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உனக்கு வேடிக்கையா இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள். இவ்வளவையும் எழுதி, இதெல்லாம் உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று கடைசியில் ஷைராவுக்கு ஒரு குத்தும் வைத்தாள்.

மூன்று வாரத்தில் அது புதுப் பாடமாக வந்தது. கிழவியின் குரல், அந்தச் சிரிப்பு, அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்காத சில நொடிகள். யாரும் ஒலியை நிறுத்தவில்லை. பல பிள்ளைகள் மேசையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் பேசும் விதம் பற்றி வந்த புகார்கள் மளமளவென்று குறைந்தன. மாதக் கடைசியில் பயிற்சித் தலைவர் நாற்காலி ஷைராவுக்குப் போனது. குறை சொல்லிச் சொல்லியே அவளை மேலே ஏற்றிவிட்டது தான்தான் என்று நெலிடாவுக்குப் புரிந்தபோது, அழுவதற்குக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மதியம் விருந்து. நடுமேசையில் முழுப் பன்றியைத் தீயில் சுட்ட லெச்சோன், மொறுமொறுவென்று தோலோடு. நெலிடா மூலையில் தட்டோடு நின்றாள். ஷைரா நேராக அவளிடமே வந்தாள்.

"அக்கா, பேர் போடாம குறை எழுதுறவர் ஒருத்தர் இருக்காருல்ல, அவரை என் பக்கத்துலயே உக்கார வைக்கணும்னு மேலாளர்கிட்ட அனுமதி வாங்கிட்டேன். இனிமே எந்தப் பாடமும் அவர் பாத்த பிறகுதான் வெளிய போகும். பாடத்துல அவர் பேரும் வரும்."

"யாருன்னே தெரியாம எப்படி உக்கார வைப்பே?"

"நீங்கன்னா முகத்துக்கு நேராவே திட்டியிருப்பீங்க. மிச்சம் இருக்கிற பழைய ஆளு ருஃபினோ அண்ணன்தான். கேட்டுட்டேன். சிரிச்சாரு."

ருஃபினோ இன்னொரு பயிற்சியாளர். பாடம் ஓடும்போதே நாற்காலியில் தூங்கிவிடும் ஆள். நெலிடா திரும்பிப் பார்த்தாள். அவனைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம். அந்தக் கிழவி விஷயம் உங்களுக்கு நடந்ததா அண்ணே என்று ஒருத்தி அவன் தோளைத் தொட்டுக் கேட்டாள். வாய் நிறையக் கறியோடு அவன் அதற்கும் சிரித்தான்.

நாற்காலி போனதைக்கூட நெலிடா எப்படியோ விழுங்கிவிட்டாள். இதை விழுங்க முடியவில்லை. பதினெட்டு வருடம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த அவமானம் அது. அதை வைத்து இவன் பேர் வாங்குவதா?

"சிரிச்சா ஆமான்னு அர்த்தமாடி? அதைத்தானே நாலு நிமிஷப் பாடமா எடுத்தே?" தட்டை மேசையில் வைத்தாள். "அந்தக் கிழவிகிட்ட சிரிச்சது நான்."

சுற்றி நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ருஃபினோகூட மெல்லுவதை நிறுத்தினான். ஷைராவின் முகம் மெல்ல மாறியது.

"அப்ப, மனுஷிதானான்னு கேட்டது?"

"அதுவும் நான்தான்." நெலிடா குரலை இறக்கவில்லை. "நாப்பத்திரண்டும் என்னோடது. அதுல ஒண்ணைக்கூட அவனுக்குக் குடுக்கமாட்டேன்."