கிளிக் செய்யாத ஆரணிக்காரர்கள்

"ஆரணியில தேடுறவங்க யாருமே எதையும் கிளிக் பண்றதில்ல. ரிசல்ட் அவ்ளோ மட்டமாவா இருக்கு?" என்றார் மேனேஜர்.

இரண்டாயிரங்களின் பின்பாதி. சென்னையில் ஒரு சின்னத் தேடல் தளத்தில் எனக்கு வேலை. யார் எதைத் தேடினார்கள், எதைக் கிளிக் செய்தார்கள் என்று பதிவாகும் லாகைப் பார்த்து, தேடியவர்களுக்குத் தேடியது கிடைத்ததா என்று சொல்ல வேண்டும். கிளிக் விழுந்தால் திருப்தி, விழாவிட்டால் அதிருப்தி. எங்களிடம் இருந்த ஒரே அளவுகோல் அதுதான். அதன்படி என் சீட்டு கிழிவது உறுதி. பயத்தில் சோறு இறங்கவில்லை.

ஆரணியில் அதிகம் தேடியது அன்றைய கரண்ட் கட் நேரத்தை. ரிசல்ட் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரியிலேயே நேரம் தெரியும். நான் அந்த வரிகளிலிருந்து நேரத்தை எடுத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் எல்லாரும் கிளிக் செய்தார்கள். கிராஃப் ஏறியது, மேனேஜர் சிரித்தார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் உதைத்துக்கொண்டே இருந்தது.

பொறுக்க முடியாமல் ஆரணிக்கே போய் ஒரு பிரவுசிங் சென்டரில் ஓரமாக உட்கார்ந்தேன். விசைத்தறிக்காரர் ஒருவர் வேர்த்துக்கொண்டு வந்து, தேடி, கிளிக் செய்தார். பக்கம் மெதுவாகத் திறந்துகொண்டிருந்தபோதே மேலே ஃபேன் நின்றது.

"போச்சு! அங்க தறி ஓடிகினு கீது. நடுவுல நின்னா பட்டுல கோடு வுழுந்துடும்" என்று சென்டர்காரரிடம் கத்தினார். "முன்னல்லாம் டைம் உடனே தெரியும். ஜல்தியா போயி தறிய நிறுத்திடுவேன். எந்தப் புண்ணியவான் மாத்துனானோ, ஒரே பேஜாரு!"

அந்தப் புண்ணியவதி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். அன்றே நான் சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

மறுநாள் வரிகளைப் பழையபடி போட்டுவிட்டு மேனேஜரிடம் போனேன்.

"கிளிக் இல்லாம திருப்தின்னு எப்படிம்மா சொல்லுவே?"

"கிடைக்காதவங்க வார்த்தைய மாத்தி மாத்தித் திரும்பத் தேடுறாங்க சார். கிடைச்சவங்க பாத்துட்டு எழுந்து போயிடுறாங்க."

"ஆதாரம்?"

ஆதாரம் என் தப்புதான். நேரம் தெரிந்த நாட்களில் ஆரணிக்காரர்கள் ஒரே முறை தேடிவிட்டுப் போயிருந்தார்கள். நான் மறைத்த நாட்களில் கிளிக் செய்யும் முன் வார்த்தையை மாற்றி இரண்டு, மூன்று முறை தேடியிருந்தார்கள். மறைத்தது நான்தான் என்று சொல்லி லாகை நீட்டினேன். நன்றாகத் திட்டினார். அந்த வருடம் சம்பள உயர்வு கிடையாது. வேலை தப்பியது, அளவுகோலும் மாறியது.

பிறகு ஒருநாள் அதே சென்டருக்குப் போனேன். அதே தறிக்காரர் வந்து தேடினார், திரையைப் பார்த்தார், மௌஸைத் தொடாமல் ஓடினார். லாகில் அது வெறும் பூஜ்யம். அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.