இரும்புக்கடை வேகத்தடை

அந்த நீட்டு விசிலின் மேல் டிரைவருக்குப் பதினோரு வருஷக் கோபம்.

ஒரு விசில் அடித்தால் நிறுத்து, ரெண்டு அடித்தால் கிளம்பு. பஸ் ஓட்டுகிறவருக்கும் டிக்கெட் கொடுக்கிறவருக்கும் நடுவில் உள்ள பாஷை மொத்தமே அவ்வளவுதான். ஆனால் அவருக்கு வாய்த்த கண்டக்டரம்மா மூன்றாவதாக ஒன்றைத் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். மூச்சை அடக்கி, இழுத்து, ஈனஸ்வரத்தில் ஒரு ஊதல். வேகத்தடைக்கு நூறு அடி இருக்கும்போதே பின்னாலிருந்து வந்துவிடும். மெதுவாகப் போ என்று அர்த்தம். எல்லா நாளும் வராது. மாதத்தில் ஆறேழு நாள் வரும். அந்த ஆறேழு நாளும் வண்டி கல்யாண ஊர்வலம் மாதிரி ஊர்ந்து போகும். ஒரு நடைக்குப் பத்து நிமிஷம் தாமதம். போய்ச் சேர்ந்ததும் டைம் கீப்பர் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார், மெமோ எழுதுவதற்கு.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு சைக்கிளைக்கூட உரசாத மனுஷன். அவருடைய ஃபைலில் அழுக்கு என்று இருந்தது, வாய்த் திட்டோடு போனது போக எழுத்தில் வந்த அந்தத் தாமத மெமோக்கள் பத்தொன்பது மட்டும்தான். காரணம் கேட்டால் "டிராஃபிக்" என்று எழுதிக் கொடுப்பார். கூட வேலை செய்கிற பொம்பளையைக் காட்டிக்கொடுப்பது அவர் வழக்கம் இல்லை. அந்தக் கடனை வண்டியிலேயே தீர்த்துக்கொள்வார்.

"ஏம்மா, உள்ள என்ன முட்டைக்கூடையா ஏத்தி வச்சிருக்க?"

"ஆமாண்ணே. உடைஞ்சா உங்களுக்குத்தான் பொரிச்சுத் தருவேன்."

"யார் மடியிலயாவது குழந்தை தூங்கினா தூங்கிட்டுப் போகட்டுமே! அதுக்காக நான் மாட்டுவண்டி ஓட்டணுமா?"

"மாட்டுக்கு உங்களைவிடப் பொறுமை ஜாஸ்திண்ணே."

பதிலுக்கு அவர் உறுமுவார். டெப்போவில் அவருக்குப் பட்டப்பெயரே 'உறுமல்' என்பதுதான். அவள் அதற்குப் பயந்ததே இல்லை. ஆள் ஒல்லி, குரல் கணீர். தோல் பையை எல்லாரும் தோளில் தொங்கவிட்டால், அவள் வாரை இறுக்கி அடிவயிற்றோடு சேர்த்துக் கட்டியிருப்பாள். மத்தியானம் வண்டி காற்றாடிக்கொண்டு போகும்போதுகூட உட்கார மாட்டாள். கம்பியைப் பிடித்தபடி, காலை அகட்டி, நின்றுகொண்டே வருவாள். கண்ணாடியில் பார்த்துவிட்டு டிரைவர் நினைத்துக்கொள்வார், 'பெரிய கடமை வீராங்கனை. பார்க்கிறவன் மெச்சணுமாம்.'

ஒரு நாள் கடைசி நடை முடிந்து இறங்கும்போது அவள் ஒரு கடிதத்தை நீட்டினாள். ஆபீஸ் கடிதம். டிரைவர் ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர். எழுத்துக் கூட்டி, உதடு அசைய, நிதானமாகப் படித்தார். மெடிக்கல் லீவு அதிகம். நாலு முறை ஸ்கேன் எடுத்தும் நாலிலும் 'நார்மல்' என்றே வந்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் நோய்க்கு ஆதாரம் காட்டாவிட்டால் பஸ் வேலையிலிருந்து நீக்கம்.

"என்னம்மா இது?"

"வியாழக்கிழமை நமக்கு ஆஃப் தானேண்ணே? எங்கூட ஒரு ஸ்கேன் சென்டருக்கு வரணும். கூட ஒருத்தர் வந்தாதான் எடுப்பாங்களாம். அவர் கப்பல்ல இருக்கார், இன்னும் அஞ்சு மாசம் ஆகும்." அவள் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர்.

"நாலு தடவை எடுத்தாச்சே, அஞ்சாவது எதுக்கு?"

"இது பிரைவேட். இந்த வியாதியை மட்டுமே தேடிப் பார்க்கிற டாக்டராம். காலை நடையில ஒரு நர்ஸம்மா ஏறுவாங்கல்ல, அவங்க சொன்னாங்க. மேடு வர்றப்பல்லாம் கம்பியை நான் எப்படிப் பிடிக்கிறேன்னு மூணு மாசமா பார்த்துக்கிட்டே இருந்தாங்களாம்."

"என்ன வியாதி?"

"பொம்பளைங்க வியாதி."

டிரைவருக்குக் காது சூடானது. "சரி சரி, வர்றேன்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, இல்லாத தூசியைப் பானெட்டில் துடைக்கப் போய்விட்டார்.

ஸ்கேன் சென்டர் ஒரு மாடிக் கட்டடத்தின் முதல் தளத்தில் இருந்தது. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே பல் டாக்டர். பச்சை நாற்காலிகள், சுவரில் ஓடாத ஒரு கடிகாரம். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். டிரைவர் ஒரு மூலை நாற்காலியில், தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டவர் மாதிரி உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு உள்ளே போனவள் பத்தரைக்கு வெளியே வந்தாள். பின்னாலேயே டாக்டர். காலேஜ் பெண் மாதிரி இருந்தார், கண்ணாடி மட்டும் கனமாக இருந்தது.

"கூட வந்தவர் நீங்கதானா? இவங்க காலையில மாத்திரை போட்டாங்களா?"

"எனக்கென்னங்க தெரியும்."

"ரெண்டு போட்டேன் டாக்டர்," என்றாள் கண்டக்டரம்மா. "டூட்டிக்குப் போற மாதிரிதான். நீங்க அழுத்தறப்ப நான் கத்தி உங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுல்ல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "நாலு ஸ்கேனுக்கும் இப்படித்தான் போனீங்களா?"

"ஆமா. டூட்டி நடுவுல மறுபடி ரெண்டு போட்டுக்குவேன், முடிச்சு நேரா போவேன். வலிக்குதான்னு கேப்பாங்க. இல்லைன்னுதான் சொல்லுவேன். நிஜமாவே அந்த நேரத்துக்கு இருக்காதே."

"அம்மா, அதெல்லாம் வயித்து மேல வச்சுப் பார்த்த ஸ்கேன். இது உள்ள வச்சு, ஒவ்வொரு இடமா அழுத்தி, எங்க வலிக்குதுன்னு நீங்க சொல்லச் சொல்லத் தேடுறது. எனக்குப் பாதி கண்ணு அந்தத் திரை, மீதிக் கண்ணு உங்க வலிதான். அதைத் தூங்க வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே. சந்தேகமா ஒண்ணு தெரியுது, ஆனா உறுதியாச் சொல்ல முடியலை. மாத்திரை இறங்கட்டும். நாலு மணிக்கு மறுபடி பார்க்கிறேன். அதுவரைக்கும் இதை எழுதி வைங்க." ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் முகம் சுருங்கிப்போனது. "இதுலயும் ஒண்ணும் தெரியலைன்னா அவ்வளவுதாண்ணே. பையைக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுல உட்கார வேண்டியதுதான். அதுகூடப் பரவாயில்லை. பதினோரு வருஷமா நடிச்சேன்னு ஆயிடும்."

டிரைவர் கீழே இறங்கிப்போய் ரெண்டு டீ வாங்கி வந்தார்.

ஒரு மணி வரை அவள் பேச்சும் சிரிப்புமாகத்தான் இருந்தாள். ஒன்றரைக்குப் பேச்சு குறைந்தது. ரெண்டு மணிக்கு எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காலை அகட்டி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, வண்டியில் நிற்கிற அதே நிலை.

"உட்காரேம்மா, இத்தனை சீட் கிடக்கு."

"உட்கார்ந்தா ஜாஸ்தியாகும்."

கண்ணாடியில் இத்தனை வருஷம் பார்த்த கடமை வீராங்கனை எதனால் நின்றாள் என்று இப்போதுதான் தெரிந்தது.

"அந்தப் படிவத்தை நீங்களே எழுதுங்கண்ணே. இந்தக் கம்பியை என்னால விட முடியலை."

அவர் பேனாவை ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். எத்தனை வருஷமாக வலி? அவள் சொன்னாள்: பதினாறு. மாதத்தில் எத்தனை நாள்? ஆறு, சில மாதம் ஏழு. அந்த ஆறும் ஏழும் எங்கேயோ கேட்ட கணக்காக இருந்தது. அதை யோசித்தபடியே அடுத்த கேள்விக்கு வந்தார்.

"எதனால் வலி கூடுகிறது?"

"எழுதுங்க. வேகத்தடை."

பேனா நின்றது.

"எந்த வேகத்தடை?"

"எல்லாம்தான். நம்ம ரூட்டுல பதினாலு. பன்னெண்டைச் சமாளிச்சிடுவேன். பள்ளிக்கூடத்துக்கிட்ட இருக்கிறது மோசம். இரும்புக்கடை முன்னாடி இருக்கிறது ராட்சசன். அதுல நீங்க வேகமா ஏத்தினா ஒரு நிமிஷம் கண்ணு இருட்டிடும். டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில வச்சுக்கிட்டு, யாருக்குக் குடுக்கணும்னே மறந்து நிப்பேன்."

டிரைவர் படிவத்தை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப அந்த நீட்டு விசில்..."

"எனக்குத்தாண்ணே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கழுதை!"

"என்னன்னு சொல்ல? டாக்டரே ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்திருக்கார். நீங்க நம்புவீங்களா?"

அவர் நேர்மையான ஆள். நம்பியிருக்க மாட்டார் என்று அவருக்கே தெரியும். அதனால் தலையைக் குனிந்து, 'வேகத்தடை' என்று ஒவ்வொரு எழுத்தாக, மெமோவுக்குப் பதில் எழுதும்போதுகூடக் காட்டாத கவனத்தோடு எழுதினார்.

மூன்று மணிக்குமேல் அவள் பேசவே இல்லை. மேலுதட்டில் வேர்வை அரும்பியது. பக்கத்து நாற்காலிப் பெண் தண்ணீர் கொடுத்தாள், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சத்தமே இல்லை. அதுதான் டிரைவரை உலுக்கியது. விரலில் ஜாக்கி விழுந்தால் டெப்போவே அதிரக் கத்துகிறவர் அவர். இவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, மூச்சை மட்டும் எண்ணி விட்டுக்கொண்டிருந்தாள். மாத்திரை இல்லாத அவளை அவர் இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். இதன்மேல் ரெண்டு மாத்திரையைப் போட்டு மூடிவிட்டா இவள் "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று கணீரென்று கத்தினாள்? தள்ளாத கிழவருக்குக் கை கொடுத்து ஏற்றினாள்? மாட்டுக்குப் பொறுமை ஜாஸ்தி என்று அவரையும் கிண்டல் செய்தாள்? மனக்கணக்குப் போட்டார். பதினாலு மேடு, எட்டு நடை. ஒரு நாளைக்கு நூற்றுப் பன்னிரண்டு. மேலே கணக்குப் போட அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரே ஒரு தடவை சத்தம் வந்தது. அலறல் இல்லை. நெஞ்சில் மிதித்தால் வருமே, அந்த மாதிரி. வெளியே இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தார்கள். டிரைவர் எழுந்து நின்றுவிட்டார், எதற்கு என்று தெரியாமல்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் உடை மாற்றி, கட்டிலில் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தாள்.

"அவரும் வரட்டும் டாக்டர். பதினோரு வருஷம் என்னைக் குலுக்கினவர் இவர்தான். என்ன குலுங்குச்சுன்னு பார்க்கட்டும்."

டாக்டர் திரையைத் திருப்பினார். அடைமழையில் வைப்பர் ஓடாத கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்ப்பதுபோல் சாம்பலும் கறுப்புமாகக் கலங்கித் தெரிந்தது. முதலில் பாடத்துக்கென்று பதிவு செய்து வைத்திருந்த யாரோ ஒருவரின் ஸ்கேன் வீடியோ.

"இது கர்ப்பப்பை. பின்னாடி இருக்கிறது குடல். நான் தள்ளுறப்ப பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிட்டுப் போகுதா? இப்படித்தான் இருக்கணும். இப்ப இவங்களோடது."

டிரைவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வழுக்கவில்லை. ரெண்டும் ஒரே கட்டியாக நகர்ந்து, ஒரே கட்டியாகத் திரும்பி வந்தது.

"ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிக்கிச்சு. கர்ப்பப்பைக்குள்ள இருக்கிற சவ்வு மாதிரியே ஒண்ணு வெளியில வளர்ந்து, மாசாமாசம் கசிஞ்சு புண்ணாகி, பக்கத்துல இருக்கிறதையெல்லாம் சேர்த்துப் பிடிச்சிடுது. எண்டோமெட்ரியோசிஸ்னு பேர். இதோ, இந்தக் கறுப்பு முடிச்சு. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். காலையில இது மேலதான் அழுத்தினேன், வலிக்கலைன்னாங்க. இப்ப அழுத்தினப்பதான் அந்தச் சத்தம் வந்தது."

சுண்டுவிரல் நகம். டிரைவர் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் கழன்றிருக்கிறது என்று சொல்லிவிடுவார் என அவருக்கு டெப்போவில் பெரிய பேர். அந்தப் பேரோடு பதினோரு வருஷம் முதுகுக்குப் பின்னாலேயே இதைச் சுமந்துகொண்டு ஓட்டியிருக்கிறார். இந்தச் சின்னப் பெண் மணிக்கட்டை லேசாகத் திருப்பித் திருப்பி, இருட்டுக்குள் தேடி, ஒரு நகத்தளவு முடிச்சைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கோயிலுக்குள் நுழைந்தவர் மாதிரி அவர் கை தானாகவே கட்டிக்கொண்டது.

ரிப்போர்ட் வந்ததும் கண்டக்டரம்மா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலால் தேடினாள். "அண்ணே, நார்மல்னு ஒரு இடத்துலகூடப் போடலை!" பரீட்சையில் பாஸானவள் மாதிரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். டாக்டரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும்போது டிரைவர் தன் ஸ்கூட்டரை நடக்கிற வேகத்தில் ஓட்டினார். சைக்கிள்காரர்கள் முந்தினார்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியை நிறுத்தி, அவளை இறக்கி, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு தாண்டி, மறுபடி ஏற்றிக்கொண்டார். மூன்றாவது மேட்டில் அவள் கேட்டாள், "இப்படியே போனா எப்பண்ணே வீடு சேர்றது?"

"டைம் கீப்பர் மெமோ குடுக்கட்டும். வா."

ஆபீஸில் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். அந்தப் பேரை வாசிக்கவே ரெண்டு பேர் தேவைப்பட்டது. டிரைவர் உறுமலோடு பக்கத்திலேயே நின்றார். வேலை தப்பியது. லீவும் கிடைத்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முழுசாகச் சரியாகும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பெரும்பாலும் வலி குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், கடைசி நடை முடிந்து பையையும் டிக்கெட்டையும் ஒப்படைத்துவிட்டு அவள் வண்டியின் முன்பக்கம் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்கணும்."

"கேளு."

"நாளையிலருந்து வர்ற கண்டக்டர் நீட்டு விசில் அடிக்க மாட்டார்."

"அப்பாடா. காதுக்கு ஓய்வு."

"அடிக்கலைன்னாலும் இரும்புக்கடை கிட்ட மெதுவாத்தான் போகணும்."

"நீதான் உள்ள இருக்க மாட்டியே."

"நான் இருக்க மாட்டேன். வேற எவளாவது இருப்பா. டிக்கெட் வாங்கிக்கிட்டு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, சும்மா நிக்கிற மாதிரியே நிப்பா. அவ கையில விசில் இருக்காதேண்ணே."