பத்துக் கணு ஈ

ரம்ப ஈக்கு இடுப்பே கிடையாது. குளவியைப் போல நடுவில் ஒடுங்காமல் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன். வேர்ம்லாந்து மாகாணத்தில் பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பூச்சிப் பித்தர் ஸ்டுரே, வருகிற விருந்தாளிக்கெல்லாம் இதைச் சொல்லிவிட்டு, காபி கொண்டுவரும் மனைவி குன்வோர் பக்கம் கையைக் காட்டுவார். "நம்பலையா? இதோ, வீட்டுலயே ஒண்ணு வளக்குறேன்." வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். குன்வோரும் சிரித்து வைப்பாள். கல்யாணமான நாள் முதல் இதே கூத்து.

ஈயின் குடும்பத்தைத் துல்லியமாகச் சொல்கிற அந்த மனிதருக்குத் தன் குடும்பம் கண்ணில் பட்டதேயில்லை. பள்ளிச் சமையற்கட்டில் வேகிறவளின் கை பட்டால் மைக்ராஸ்கோப் கெட்டுவிடும் என்று அதைத் தொடவிட மாட்டார்.

பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள். எழுபதைத் தாண்டியதும் ஸ்டுரேயின் பார்வை நடுவில் மங்கி, ஓரத்தில் மட்டும் மிஞ்சியது.

"இனிமே நீதான் பாத்துச் சொல்லணும். யோசிக்கிற வேலையெல்லாம் உனக்கு வேணாம், எண்ணுனாப் போதும்" என்றார்.

அந்த ஆகஸ்டில் ஆரஞ்சு வயிற்று ரம்ப ஈ ஒன்று வலையில் சிக்கியது. உணர்கொம்பில் மூன்றே கணு, கடைசிக் கணு நீளம் என்றால், அந்த மாகாணத்தில் எவரும் பிடிக்காத இனம். பூச்சிச் சங்கத்தில் அவர் பெயர் நிலைத்துவிடும். பத்துக் கணு என்றால் டர்னிப் கிழங்கு வயலில் மொய்க்கிற சாதாரண ஈ, குடும்பமே வேறு.

"எத்தனைடி? உருளைக்கிழங்குன்னு நெனச்சு எண்ணு, வரும்."

குன்வோர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். மணி கோத்ததுபோலப் பத்து, தெளிவாகத் தெரிந்தது.

"மூணுங்க. கடைசி நீளமா இருக்கு."

அவர் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு அது வெல்லமாய் இனித்தது, மறைப்பானேன்.

இலையுதிர்காலக் கூட்டத்தில் ஸ்டுரே எழுந்து நின்று முழங்கினார். சங்கத் தலைவர் இங்கெமார் லென்ஸில் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"வாத்தியாரே, இது டர்னிப் ஈ. புதுசா சேர்றவங்களுக்கு மொத நாள் காட்டுறது."

பின்வரிசையில் ஒருவன் கனைத்தான். "பத்துக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாதவரா இத்தனை வருசம் நமக்குப் பாடம் எடுத்தாரு? அப்ப இவரு பேரு வச்ச எல்லாத்தையும் திரும்பப் பாக்கணுமே!"

கூடம் அதிரச் சிரித்தது. நாற்பது வருட மானம் அரைநிமிடத்தில் கப்பலேறியது. குன்வோர்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

காரில் ஏறியதும் அவர் சொன்னார். "நீ தப்பா எண்ணிட்ட."

"இல்லீங்க. சரியாத்தான் எண்ணுனேன். பத்து."

வீட்டுக்கு வந்ததும் அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

காலையில் காட்டில் பறித்துவந்திருந்த காளானை வெண்ணெயில் வதக்கி, ரொட்டியின்மேல் பரப்பி, அவர் முன்னால் வைத்தாள்.

"என்ன காளான் இது?"

"மஞ்சக் காளான்தாங்க, வேறென்ன?"

"நல்லாப் பாத்துத்தான பறிச்ச?"

"பாத்தேங்க. சாப்பிடுங்க."

ஸ்டுரே முள்கரண்டியை எடுத்தார், வைத்தார். குன்வோர் தன் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் பசியோடு உட்கார்ந்திருந்தார்.